வெள்ள நேரத்தில் வட்ஸ்அப்பில் அறிவித்தல் போடுவது எப்படி?

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தில் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவைத் திறக்கிறார்கள் என்ற செய்தி, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையைச் சுற்றி வருவதற்குள் "குளம் உடைஞ்சிட்டாம்" என்று ஆகிவிடும். முன்பெல்லாம் சங்கமோ கோயில் பரிபாலன சபையோ பள்ளிவாசல் நிர்வாகமோ கடிதத் தலைப்பில் எழுதி, தலைவர் ஒப்பமிட்டு, மறுநாள் ஒட்டினால் போதும். இன்று நீங்கள் வாய் திறக்குமுன் ஊர் பேசி முடித்துவிடும். ஆகவே ஆயத்தம் மாரிக்கு முன்பே, ஒக்டோபரிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் வட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் அனுப்பும்படி மாற்றுங்கள். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம், அத்தனை பேரும் "உண்மையா?" என்று கேட்கத் தொடங்கினால் உங்கள் அறிவித்தல் அடியில் போய்விடும். கேள்விகளுக்கு வேறு இலக்கம் கொடுங்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் எனப் பொறுப்புக் கொடுங்கள். தலைவரைக் கேட்காமல் எதைப் போடலாம் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். நடுச்சாமத்தில் அனுமதிக்குக் காத்திருப்பதில்தான் பெரும்பாலும் நேரம் போகிறது.

அறிவித்தல் இப்படி இருக்கட்டும்:

"டிசம்பர் 2, பி.ப. 4.30. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன. குளக்கட்டு உடையவில்லை. ஆற்றோரம் இருப்பவர்கள் பி.ப. 6 மணிக்கு முன் பாடசாலைக்குச் செல்லவும். தகவல்: நீர்ப்பாசனத் திணைக்களம். அடுத்த அறிவித்தல்: பி.ப. 6.30."

குளக்கட்டைப் பற்றிய வரியைப் பொறியியலாளரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுங்கள். "இன்று", "இன்றிரவு" என்ற சொற்கள் வேண்டாம். ஒருவர் பகிரும்போது அவர் பகிர்ந்த நேரம்தான் தெரியும்; மூன்று நாள் பழைய "இன்றிரவு" மறுபடியும் சனத்தை ஓடவைக்கும். கடைசி வரி இன்னும் முக்கியம். புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் 6.30க்கு "நிலைமை மாறவில்லை" என்று போடுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சிட்டதை அப்படியே ஒட்டினால் தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள். கடிதத்தைப் படமெடுத்துப் போடுவதும் நல்லதல்ல. சின்னத் திரையில் எழுத்து மங்கும். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு 30 செக்கன் குரல்பதிவு போதும். திகதியும் நேரமும் அதிலும் சொல்லப்பட வேண்டும். அம்பாறையில் சிங்களத்திலும் ஒன்று தயாராக இருக்கட்டும்.

தவறு நேர்ந்தால்? 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், பிறகு அழிக்கவும் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே பகிரப்பட்ட பிரதிகள் மாறாது. எனவே திருத்தத்தைப் புதிய செய்தியாக, பழையது போன அதே குழுக்களுக்கு அனுப்புங்கள். பொய்ப் படத்தை மறுக்கும்போது கீழே குறிப்பு எழுதினால் பயனில்லை, படம் மட்டும் தனியே பகிரப்படும். படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டு உண்மையையும் அதிலேயே எழுதுங்கள்.

தாமதம் என்ன செய்யும் என்பதை அம்பாறை நகரம் 2018 பெப்ரவரியில் கண்டது. முஸ்லிம் கடையொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை என்ற வதந்தி காணொளியாகப் பரவியது. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு சொன்னபோது கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டு முடிந்திருந்தன. அடுத்த சில நாட்களில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த வன்முறையைத் தொடர்ந்து மார்ச் 7இல் முகநூலும் வட்ஸ்அப்பும் நாடெங்கும் முடக்கப்பட்டன. ஆகவே அவற்றை மட்டும் நம்பியிராதீர்கள். வீட்டுக்கு ஓர் இலக்கமாகக் குறுஞ்செய்திப் பட்டியல் ஒன்றைக் கடதாசியிலும் எழுதி வையுங்கள். நீண்ட நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும். அப்போது கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதே வாசகத்தைச் சொல் மாற்றாமல் வாசியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் வற்றியதும் "இந்த அறிவித்தல்கள் முடிவடைந்தன" என்று திகதியுடன் ஒன்று போட்டு, அதைச் சேமித்து வையுங்கள். அடுத்த மாரியில் இதே படங்கள் திரும்பி வரும்போது அதைக் காட்டலாம்.