மாதிரி ரயிலுக்கு உயர்பாதையும் சாய்ந்த வளைவும் அமைத்தல்

கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில், எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில் (உண்மையான ரயிலின் 87-இல் ஒரு பங்கு), ஒரு பாதையின் மேலாகக் கடக்கும் உயர்பாதை அமைக்க முனைவோர் முதலில் கணக்கிட வேண்டியது ஏற்றத்தைத்தான். கீழே ஓடும் பெட்டி தட்டாதிருக்க 7.5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்; 9 மில்லிமீட்டர் பிளைவுட்டின் கனத்தையும் தண்டவாளத்தின் உயரத்தையும் சேர்த்தால், மேற்பாதை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் ஏறியாக வேண்டும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் ஏறினால், அதற்கே நாலரை மீட்டர் நீளம் போய்விடும். இடம் போதாதவர்கள் கீழ்ப்பாதையைச் சற்று இறக்கி, உயரத்தை இரண்டு பாதைகளுக்கும் பங்கிடலாம்.

மரத்தூள் பலகையை நம்ப வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அது ஊதிவிடும். பிளைவுட்டுக்கும் வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசி, 30 சென்டிமீட்டருக்கு ஒரு தாங்குகால் நிறுத்துங்கள்.

உண்மையான ரயில் வேகத்தில் வளையும்போது வெளிப்புறம் தள்ளப்படுவதால், அதை ஈடுசெய்ய வெளித் தண்டவாளம் உயர்த்தப்பட்டு, பாதை உட்புறமாகச் சாய்க்கப்படுகிறது; இதுவே சாய்ந்த வளைவு. மாதிரி ரயிலுக்கு இது தேவையே இல்லை. கண்ணுக்கு அழகு என்பதற்காகவே செய்கிறோம். ஆகவே அளவோடு நிறுத்துவது நல்லது. ஸ்லீப்பர்களின் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) வெளிப்பக்க முனைகளுக்கு அடியில் 1 மில்லிமீட்டர் அட்டைப் பட்டை வைத்தால் போதும்: ஸ்லீப்பரின் நீளம் சுமார் 30 மில்லிமீட்டர், தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர் என்பதால், இரு தண்டவாளங்களுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான உயர வேறுபாடு கிடைக்கும்.

சாய்வைவிட, சாய்வு தொடங்கும் இடமே பெரும்பாலும் தொல்லை தரும். சமதளத்திலிருந்து திடீரென முறுக்கினால் ஏதாவதொரு சக்கரம் அந்தரத்தில் நின்று தடம் புரளும். எனவே வளைவுக்கு 30 சென்டிமீட்டர் முன்பிருந்தே கால், அரை, முக்கால் மில்லிமீட்டர் எனப் பட்டைகளைப் படிப்படியாகக் கனமாக்கி, வளைவு முடிந்தபின் அதே முறையில் குறைக்க வேண்டும். பாதை பிரியும் பாயிண்ட் இருக்குமிடத்தில் சாய்வு கூடாது. ஏறிக்கொண்டே வளையும் இடத்தில் நான் சாய்வே வைப்பதில்லை. ஏனெனில், இழுவை கூடும்போது நீண்ட ரயிலின் நடுப்பெட்டிகள் உட்புறமாகச் சரிந்துவிடும்.

நெகிழ் தண்டவாளங்களின் (விரும்பியபடி வளைக்கக்கூடியவை) இணைப்புகளை, வளைக்கும் முன்பே, நேராக இருக்கையில் சால்டர் செய்து (ஈயப் பற்றுவைத்து) விடுங்கள். சால்டர் கம்பி புடு ஜாலான் பசார் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். நேர்ப்பகுதிகளின் இணைப்புகளில் மட்டும் சிறு இடைவெளி விடுங்கள்; அப்போதுதான் குளிர்சாதனத்தைப் போட்டு அணைக்கும் அறையில் பலகை சுருங்கி விரியும்போது தண்டவாளம் நெளியாது. பசை இடுவதற்கு முன், ஊசியால் தற்காலிகமாகப் பொருத்திய பாதையில், உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியை இரு திசையிலும் கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள்.