மின்சார மாதிரி விமானத்தில் கேமரா பொருத்துவது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

ரேடியோ கட்டுப்பாட்டில் இயங்கும் மின்சார மாதிரி விமானத்தை ஏற்றவும், சுற்றிவரச் செய்யவும், சேதமின்றி இறக்கவும் பழகியவர்களுக்காக இந்த விளக்கம் எழுதப்படுகிறது. இன்னும் பறக்கவிடக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் கேமராவைச் சிறிது காலம் தள்ளிப்போடுவதே நல்லது. படம் எப்படி வரும் என்று யோசிப்பதற்கு முன்பு, விமானத்தைப் பொறுத்தவரை கேமரா வெறும் சுமைதான் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்தச் சுமை எவ்வளவு, அது எங்கே அமர்கிறது என்ற இரண்டும் சரியாக அமைந்துவிட்டால், மற்றவை பெரும்பாலும் கைவேலைதான்.

இதற்கு ஏற்றது, இறக்கை உடலின் மேற்பகுதியில் அமைந்த, மெதுவாகப் பறக்கக்கூடிய பயிற்சி விமானம். மோட்டார் இறக்கைக்குப் பின்னால் இருக்கும் வகை கிடைத்தால் இன்னும் சிறப்பு. மூக்குப் பகுதி கேமராவுக்குக் கிடைக்கும், புரொப்பெல்லரும் படத்தில் விழாது. மோட்டார் முன்னால் உள்ள விமானத்தில் கேமராவை இறக்கைக்கு மேலே வைக்கலாம். சக்கரம் இல்லாமல் வயிற்றால் தரையிறங்கும் விமானத்தின் அடிப்பகுதியில் மட்டும் கேமராவைத் தொங்கவிடக் கூடாது.

முதலில் எடை. பேட்டரியுடன் விமானத்தை நிறுத்துப் பாருங்கள். பிறகு கேமரா, மெமரி கார்டு, தாங்கி, பட்டை அனைத்தையும் சேர்த்துத் தனியாக நிறுத்துப் பாருங்கள். விமானம் கீழே விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம், எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 800 கிராம் விமானத்தில் 80 கிராம் கூடினால், அதாவது எடை 10 சதவீதம் உயர்ந்தால், அந்த வேகம் சுமார் 5 சதவீதம் உயரும்; இதைக் கை சமாளித்துக்கொள்ளும். தொடக்கத்தில் இந்த 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்தது ஈர்ப்பு மையம், அதாவது விமானத்தைத் தாங்கினால் முன்னும் பின்னும் சாயாமல் சமநிலையில் நிற்கும் இடம். இந்த வேலையில் அதிகப் பொறுமை தேவைப்படும் இடம் இதுவே. விமானத்துடன் வந்த கையேட்டில் அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கும். கையேடு இல்லையென்றால், நேரான செவ்வக இறக்கை கொண்ட பயிற்சி விமானத்தில், முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் (முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடைப்பட்ட தொலைவின்) 25 முதல் 30 சதவீதம் வரையிலான தொலைவில் தொடங்கலாம். அகலம் 20 செ.மீ. என்றால் அது 5 முதல் 6 செ.மீ. வரை. இரு இறக்கைகளின் அடியிலும் அந்த இடத்தில் புள்ளி வைத்து, பேட்டரியும் கேமராவும் உள்ளே இருக்க, இரண்டு விரல்நுனிகளால் விமானத்தைத் தூக்குங்கள். மூக்கு மிகச் சிறிதளவு தாழ்ந்திருந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் அந்த நிலையில் பறக்கவிடவே கூடாது, ஏனெனில் வால் கனத்த விமானம், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரின் சிறு அசைவுக்கும் துள்ளி, கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

சமநிலையைத் திரும்பக் கொண்டுவர ஈயத்துண்டுகளைச் சேர்க்காதீர்கள், பேட்டரியை நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்துவது என்பதைக் கணக்கிட்டே அறியலாம். 60 கிராம் கேமரா ஈர்ப்பு மையத்துக்கு 20 செ.மீ. முன்னால் இருந்தால், இரண்டையும் பெருக்க 1200 வரும். பேட்டரி 200 கிராம் என்றால், 1200-ஐ 200-ஆல் வகுத்து, அதை 6 செ.மீ. பின்னால் தள்ள வேண்டும். உள்ளே அவ்வளவு இடம் இல்லையென்றால், கேமராவை ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே கொண்டுவருவதுதான் வழி.

இனி தாங்கி. விமானத்தின் நுரை உடலில் கேமரா அளவைவிடச் சற்றுப் பெரிதாகக் குழி வெட்டி, உள்ளே மென்மையான ஸ்பான்ச் ஒட்டி, கேமராவை வைத்து வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். ஸ்பான்ச் கெட்டியாக இருந்தால் அதிர்வு அப்படியே கடந்துவரும். மிக மென்மையாக இருந்தால் கேமரா தானாகவே ஆடத் தொடங்கும். தெர்மாகோல் உடலில் சாதாரண சூப்பர் பசையைத் தொடவே வேண்டாம், அது நுரையைக் கரைத்துவிடும். பட்டை அவிழ்ந்தாலும் கேமரா கீழே இருப்பவர் தலையில் விழாமலிருக்க, உறுதியான நூலால் உடலோடு ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள். லென்சைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால், படம் முழுவதும் வானமாக இருக்காது.

படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதிர்வுதான். இவ்வகைச் சிறு கேமராக்கள் காட்சியை ஒரே கணத்தில் மொத்தமாகப் பதிவதில்லை, வரிவரியாகப் பதிகின்றன; ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே கேமரா நடுங்குவதால் நேர்க்கோடுகள் நெளிகின்றன. அதற்கான முதல் மருந்து புரொப்பெல்லரில் இருக்கிறது. அதைக் கழற்றி, வழுவழுப்பான மெல்லிய கம்பியில் கோத்துக் கிடைமட்டமாகப் பிடித்தால், கனமான இதழ் மெல்லக் கீழே இறங்கும். மறு இதழின் பின்புறத்தில் செல்லோடேப் துண்டு ஒன்றை ஒட்டி, மறுபடி பாருங்கள். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும்வரை டேப்பைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். விளிம்பு உடைந்த புரொப்பெல்லரைச் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேமராவின் வைஃபையை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான ரேடியோக்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே அதுவும் பயன்படுத்தக்கூடும். கேமரா பதிவு செய்துகொண்டிருக்கும்போதே, கையேட்டில் சொன்னபடி ரேடியோவின் எட்டும் தூரத்தைத் தரையில் சோதித்துப் பாருங்கள்.

முதல் பறப்பில் கேமரா வேண்டாம். அதே எடையுள்ள களிமண்ணை ஒரு பையில் கட்டி, அதே இடத்தில் வைத்து, காற்று அடங்கிய வேளையில், ஆட்கள் இல்லாத திறந்த வெளியில் பறக்கவிடுங்கள். போதிய உயரத்துக்குச் சென்ற பிறகு மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, எந்த வேகத்தில் விமானம் தாக்குப்பிடிக்காமல் கீழே சரியத் தொடங்குகிறது என்பதைக் கவனித்துக்கொண்டு, இறக்கும்போது அதைவிடச் சற்று அதிக வேகத்தில் வாருங்கள். இது இயல்பாகக் கைவந்த பிறகு களிமண்ணை எடுத்துவிட்டுக் கேமராவை வைக்கலாம். கிடைக்கும் பதிவில், மோட்டாரின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நெளிவு தெரிந்தால் புரொப்பெல்லரை மறுபடி சமன்செய்யுங்கள். மோட்டாரை நிறுத்தி மிதந்து வரும்போதும் படம் ஆடினால், தாங்கி தளர்வாக இருக்கிறது என்று கொண்டு, ஸ்பான்சை மாற்றிப் பாருங்கள்.