வானத்தில் ஒரே இடத்தில் விழுந்த பொட்டு

அன்றாடம் எடுக்கும் படங்களை நண்பர்களுக்குள் பகிர்ந்து பேசிக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் உண்டு. திருகோணமலைக் கடற்கரையின் விடியலையும் பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்களையும் எடுத்த என் படங்களைப் பார்த்த தம்பி ஒருவர், "அண்ணா, எல்லாப் படத்திலும் வலது மேல் மூலையில் ஒரு சாம்பல் பொட்டு இருக்கிறதே" என்று காட்டிய பிறகுதான் நானும் அதைக் கவனித்தேன்.

முதலில் லென்ஸைத்தான் சந்தேகித்தேன். துடைத்தும் பொட்டு போகவில்லை. வேறு லென்ஸ் பூட்டியபோதும் அதே இடத்தில் இருந்ததால், தூசி, கமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் தகடான சென்சரின் மேல்தான் என்பது உறுதியாயிற்று. லென்ஸின் ஒளித்துவாரம் அகலத் திறந்திருக்கும் எஃப்/4 இல் கண்ணுக்கே படாத அது, துவாரத்தை எஃப்/16 வரை சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்தபோது மிளகைப் போலத் தெளிவாகத் தெரிந்தது.

மின்விசிறியை நிறுத்தி, பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து, கமராவில் சென்சரைச் சுத்தம் செய்வதற்கென உள்ள முறையைத் தெரிவுசெய்து, லென்ஸைக் கழற்றிய வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி, ரப்பர் ஊதியால் நான்கைந்து முறை காற்றடித்தேன். சென்சரில் காட்சி தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்பகுதியில் தெரியும் பொட்டுக்குரிய தூசி சென்சரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்துக் கறையாகிவிடும். மீண்டும் அதே சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், பொட்டு இல்லை.

கடற்காற்றில் நின்று லென்ஸ் மாற்றியதே காரணம் என்று நினைக்கிறேன். இப்போது வீட்டிலேயே மாற்றிக்கொண்டு புறப்படுகிறேன்.