வெப்பமண்டல ஓபிலியோன்களை அடையாளம் காண்பது எப்படி: கணுக்களை எண்ணுவதற்கு முன் படிக்க வேண்டியவை

ஈரக் காட்டில் சருகைப் புரட்டினாலும், மக்கிய மரக்கட்டையைத் தூக்கினாலும், சிலந்தி போல இருந்தும் சிலந்தியல்லாத ஓர் எட்டுக்காலி கண்ணில் படும். அதுதான் ஓபிலியோன். இந்த உயிரின வரிசையில் (order) இதுவரை 6,600-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி வெப்பமண்டலத்தில் வாழ்பவை. ஆனால் ஒரு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய திறவுகோலின்படி (கேள்வி கேள்வியாகப் பிரித்துக்கொண்டே போய்ப் பெயரைச் சொல்லும் பட்டியல்) போனால், அது மளமளவென்று ஒரு பேரினப் பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அந்தப் பெயர் பல சமயம் தவறாக இருக்கும். ஏன் அப்படி ஆகிறது, என்ன வரிசையில் பார்த்தால் அதைத் தவிர்க்கலாம் என்பதுதான் இந்தப் பதிவு.

ஸ்டீரியோ நுண்ணோக்கியைப் பயன்படுத்தவும், மாதிரியை எத்தனாலில் போட்டு வைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பாதுகாக்கப்பட்ட காடுகளில் சேகரிக்க அனுமதி வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

படி 1: சிலந்தி இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இடுப்பைப் பாருங்கள். சிலந்திக்குத் தலைமார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குறுகிய இடை இருக்கும். ஓபிலியோனுக்கு உடல் முழுக்க ஒரே கட்டி. வயிற்றில் வளையப் பிரிவுகள் தெரியும். பெரும்பாலானவற்றுக்கு முதுகின் முன்பக்கம் ஒரு சிறு மேடு, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கண். நூல் நூற்காது, விஷச் சுரப்பியும் கிடையாது. இவ்வளவு போதும்.

படி 2: நான்கு துணைவரிசைகளில் எது?

இன்று உயிரோடு இருப்பவை நான்கு: சைஃபோஃப்தால்மி, யூப்னாய், டிஸ்ப்னாய், லேனியடோரஸ்.

டிஸ்ப்னாய் பெரும்பாலும் வடக்கு மிதவெப்ப மண்டலத்தவை. வெப்பமண்டல மாதிரி என்றால் அதைக் கடைசியாக யோசித்தால் போதும்.

சைஃபோஃப்தால்மி சில மில்லிமீட்டர்தான் இருக்கும், பார்க்க உண்ணி மாதிரி. பக்கவாட்டில் கூம்பு போல எழுந்து நிற்கும் வாசனைச் சுரப்பித் துளைகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இவை இடம்பெயர்வதே அரிது, அதனால் கிடைத்த இடமே பாதி விடையைச் சொல்லிவிடும். பெட்டாலிடே குடும்பம் இலங்கை, மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று சிதறிக் கிடக்கிறது. பழைய கோண்ட்வானா நிலம் உடைந்து பிரிந்ததற்கு இதைவிடத் தெளிவான உயிர்ச்சான்று கிடைப்பது கடினம். தென்கிழக்கு ஆசியா என்றால் ஸ்டைலோசெல்லிடே குடும்பத்தை முதலில் பாருங்கள்.

யூப்னாய் என்றால் நீண்டு மெலிந்த கால்கள். வாயருகே உள்ள பெடிபால்ப்பும் ஒரு குட்டிக் கால் போலவே இருக்கும், முள் ஆயுதம் கிடையாது. வெப்பமண்டலத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை காக்ரெல்லினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெடிபால்ப் தடித்து, முள் முளைத்து, இரையைப் பிடிக்கத் தயாராக மடங்கியிருந்தால் அது லேனியடோரஸ். முதுகில் கெட்டியான ஒரே தகடு இருக்கும். மொத்த ஓபிலியோன்களில் 4,000-க்கும் மேற்பட்டவை இந்தத் துணைவரிசையில்தான் இருக்கின்றன. இனி எழுதுவதெல்லாம் இவற்றைப் பற்றி.

படி 3: நகத்தைப் பாருங்கள், வயதையும் பாருங்கள்

லேனியடோரஸுக்குள் கிராசடோரஸ், இன்சிடியடோரஸ் என்று இரண்டு பிரிவுகள். 3, 4-ஆம் கால்களின் நுனிக்குப் போங்கள். தனித்தனியாக இரண்டு எளிய நகங்கள் இருந்தால் கிராசடோரஸ். ஒரே அடியிலிருந்து கிளைகள் பிரிந்த நகம் என்றால் இன்சிடியடோரஸ். வெப்பமண்டலத்தில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகைதான்.

நகங்களுக்கு நடுவே மெத்தென்ற ஒரு திண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் இளம் பருவம். அதை ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். முழு வளர்ச்சி அடையாத மாதிரியை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவதால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அதற்குக் கணுக்களும் குறைவு, இனப்பெருக்க உறுப்பும் உருவாகியிருக்காது.

படி 4: பாதக்கணுக்களை எண்ணுதல்

நான் அதிக காலம் மாட்டிக்கொண்ட இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

லேனியடோரஸ் காலின் கடைசிப் பகுதி பல சிறு கணுக்களாகப் பிரிந்திருக்கும். நான்கு கால்களிலும் எண்ணி 6:11:7:8 என்பது போல எழுதுவார்கள். இரண்டாம் காலில் பெரும்பாலும் அதிகம் இருக்கும். அந்தக் கால் நடப்பதற்கு உதவுவதைவிடத் தடவிப் பார்ப்பதற்குத்தான் அதிகம் உதவுகிறது.

ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல் ஃப்ரீட்ரிக் ரோவர் 1923-இல் உலக ஓபிலியோன்களை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார். தன் வாழ்நாளில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்த மனிதர் அவர். அந்த உழைப்பு இல்லாமல் இந்தத் துறையே இல்லை. ஆனால் பேரினங்களைப் பிரிக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்கள் மூன்று: பாதக்கணு எண்ணிக்கை, முதுகுத் தகட்டின் பகுதிகளில் உள்ள முட்களும் புடைப்புகளும், கண்மேட்டில் முள் உண்டா இல்லையா என்பது. முதல் காலில் 5 கணு என்றால் ஒரு பேரினம், 6 என்றால் இன்னொன்று, 6-க்கு மேல் என்றால் வேறொன்று. ஒரே ஓர் இனத்தை மட்டும் கொண்ட பேரினங்கள் இப்படித்தான் குவிந்தன. பிற்காலத்தில் வந்தவர்கள் அவற்றில் பலவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

உங்கள் நுண்ணோக்கியில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இடது இரண்டாம் காலில் 10 எண்ணுவீர்கள். வலது இரண்டாம் காலில் 11 வரும். மறுபடி எண்ணினாலும் அதேதான் வரும். எண்ணியதில் தப்பு இல்லை, விலங்கே அப்படித்தான். கணு எண்ணிக்கை ஒரே இனத்துக்குள் மாறும், ஒரே உடலின் இரண்டு பக்கங்களிலும் மாறும். திறவுகோல் ஒற்றை எண்ணைக் கேட்கும்போது, உங்கள் மாதிரி இரண்டு பேரினங்களுக்கு நடுவே நிற்கும்.

எண்ணும் முறை இது. காலைக் கழற்றாதீர்கள். நகத்திலிருந்து உடலை நோக்கி எண்ணுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் கணுக்களின் இடைக்கோடுகள் மறைந்துவிடும், பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். மேல்பக்கம் முழுக் கோடாகத் தெரிவது அடிப்பக்கத்தில் பாதியோடு நின்றுவிடலாம். அதை அரைக்கணு என்று குறித்து வையுங்கள், முழுதாகச் சேர்த்து எண்ண வேண்டாம். நுனிப்பகுதிக் கணுக்களைத் தனியாக அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்: 6(3) என்றால் மொத்தம் 6, அவற்றில் 3 நுனிப்பகுதி. அடிப்பகுதியைவிட நுனிப்பகுதியின் எண்ணிக்கை நிலையானது, அதனால் ஒப்பிடும்போது அதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள். கிடைத்த எல்லா மாதிரிகளிலும் இரு பக்கமும் எண்ணி, 9–11 என்று வீச்சாக எழுதுங்கள். திறவுகோல் கேட்கும் எண் அந்த வீச்சுக்குள் வந்தால் இரண்டு கிளைகளிலும் போய்ப் பாருங்கள்.

எண்ணும்போதே இன்னொன்றும் கிடைக்கும். பல குடும்பங்களில் ஆணின் முதல் காலில் பாதத்தின் அடிப்பகுதிக் கணுக்கள் வீங்கியிருக்கும். அது தெரிந்தால் படி 6-க்குத் தேவையான ஆண் மாதிரியை இப்போதே பிரித்து வைத்துவிடலாம்.

படி 5: குடும்பம்

எந்தக் கண்டம் என்பதை முதலில் எழுதுங்கள். அதுவே பாதிக் குடும்பங்களைக் கழித்துவிடும்.

மத்திய, தென் அமெரிக்கா என்றால் கோனிலெப்டிடே குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். ஆணின் நான்காம் காலின் அடிக்கணு (பாதக்கணு அல்ல, உடலோடு சேரும் முதல் பகுதி) பருத்து, முதுகுத் தகட்டுக்கு வெளியே துருத்தி, பெரும்பாலும் ஒரு கொம்புடன் இருக்கும். பெடிபால்ப் தட்டையாகி வாயை மூடியபடி ஒட்டியிருந்தால் காஸ்மெடிடே. இவற்றின் முதுகில் உள்ள வெள்ளை, மஞ்சள் கோலங்கள் எத்தனாலில் மங்கும். உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

ஆப்பிரிக்காவும் தெற்கு ஆசியாவும் என்றால் அசாமிடே. தலைத் தகட்டின் முன்விளிம்பில் பல் போன்ற முட்கள் வரிசையாக இருக்கும், பெடிபால்ப்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே மடங்கியிருக்கும். தென்கிழக்கு ஆசியாவில் நீண்ட, வலுவான, முள் நிறைந்த பெடிபால்ப் என்றால் எபெடானிடே. முதுகு முழுக்க ஒரே ஓடாக மூடி, பாதக்கணுக்கள் மிகக் குறைவாக இருந்தால் சாண்டோகானிடே. பழைய நூல்களில் இதை ஆன்கோபோடிடே என்ற பெயரில் தேடுங்கள்.

முதல் காலின் தொடையில் முட்கள் வரிசையாக இருந்தால் பொடொக்டிடே. இங்கே ஓர் எச்சரிக்கை. பிலிப்பைன்ஸில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லேய்ட்பொடொக்டிஸ் ஓவிகர் என்ற இனத்தில், ஆண் தன் நான்காம் காலின் தொடையில் முட்டைகளை ஒட்டிச் சுமக்கிறது. அழுக்கு என்று நினைத்துத் தூரிகையால் தேய்த்திருந்தால் அந்தச் செய்தியே காணாமல் போயிருக்கும். எதையும் சுத்தம் செய்வதற்கு முன் ஒருமுறை பார்த்து, படம் எடுத்து, அப்புறம் தேய்த்துக்கொள்ளலாம்.

படி 6: ஆணுறுப்பு

சிலந்திகளுக்கு இல்லாத உண்மையான ஆண்குறி ஓபிலியோன்களுக்கு உண்டு. இன்றைய வகைப்பாடு பெரிதும் அதன் வடிவத்தை நம்பியே நிற்கிறது. பேரினம் தெரிய வேண்டுமென்றால் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

வயிற்றின் அடியில் முன்பக்கம் இனப்பெருக்க மூடி இருக்கும். நுண்ணூசியால் அதை மெல்லத் தூக்கி, மிக நுண்ணிய இடுக்கியால் உறுப்பின் அடியைப் பிடித்து வெளியே எடுங்கள். கிராசடோரஸ் ஆண்குறிக்குத் தசை கிடையாது, திரவ அழுத்தத்தால்தான் விரிகிறது. அதனால் எத்தனாலில் இறந்த மாதிரியில் நுனி சுருங்கி, உள்ளுக்குள் மடங்கியிருக்கும். அதை அப்படியே வரைந்தால் எந்த வெளியீட்டில் உள்ள படத்தோடும் பொருந்தாது. சூடான லாக்டிக் அமிலத்தில் சிறிது நேரம் வைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீருக்கு மாற்றுங்கள். நுனி உங்கள் கண் முன்னாலேயே உப்பி விரியும். ஆவியை முகராமல், கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

விரிந்ததும் ஆண்குறியின் நுனியில் இருக்கும் வயிற்றுத்தகட்டில் (அடிப்பக்கத் தகடு) உள்ள தடித்த முட்கள் எங்கெங்கே, எந்தக் குழுவாக நிற்கின்றன என்று பாருங்கள். மேலிருந்து, பக்கத்திலிருந்து, கீழிருந்து என மூன்று கோணங்களிலும் வரையுங்கள். வேலை முடிந்ததும் உறுப்பைக் குட்டிக் குப்பியில் போட்டு அதே மாதிரியோடு வையுங்கள். கண்ணாடித் தகட்டில் நிரந்தரமாக ஒட்டாதீர்கள், அடுத்தவர் திருப்பிப் பார்க்க முடியாது.

வெளித்தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. பிரேசிலின் செர்ராகுட்டிசோமா ப்ராக்சிமம் இனத்தில் இரண்டு விதமான ஆண்கள் இருக்கின்றன. பெரியவை இடம் பிடித்து, நீண்ட இரண்டாம் காலால் சாட்டை வீசுவது போலச் சண்டையிடும். சிறியவை நழுவி நுழைந்து இணையும். இரண்டும் ஒரே இனம்.

கருவிகள்

வளைய விளக்கு வேண்டாம். கழுத்து வளையும் இரண்டு எல்ஈடி விளக்குகள் அதைவிட எவ்வளவோ மேல். உடலைப் புரட்டுவதற்கு இடுக்கியைவிட மெல்லிய ஓவியத் தூரிகை நல்லது, கால் உடையாது. விவரச்சீட்டைப் பென்சிலால் எழுதி குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். உடல் அமைப்புக்கு 70–80% எத்தனால் போதும். ஒரு காலை மட்டும் தனியே 95%-க்கு மேல் உள்ள எத்தனாலில் வைத்தால் பின்னாளில் மரபணு ஆய்வுக்கு உதவும்.

புகைப்படம் இருந்தாலும் கையால் வரையுங்கள். 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது எட்டுக்காலிகளின் சேகரிப்பும் போய்விட்டது. அங்கே இருந்த மாதிரிகளில் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது, யாரோ பொறுமையாக வரைந்து வெளியிட்ட படங்கள்தான்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டதால்)

*குப்பியில் போட்ட எல்லாமே வீட்டுக்கு வருவதற்குள் செத்துவிட்டன என்று ஒருவர் எழுதியிருந்தார்.* உயிரோடு கொண்டுவர வேண்டுமென்றால் ஒரு குப்பிக்கு ஒன்றுதான். பயந்தால் உடலின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து திரவம் சுரக்கும். கோனிலெப்டிடே குடும்பத்தில் பலவற்றில் அது பென்சோகுவினோன். விரலில் பட்டால் மஞ்சள் கறை விழும். மூடிய குப்பிக்குள் அது அவற்றையே கொன்றுவிடும். உள்ளே ஈரமான காகிதம் வைத்து, காற்றுப் போக வழி விடுங்கள்.

*கால்கள் விறைத்து, தொட்டாலே ஒடிகின்றன.* அடர்த்தியான எத்தனாலில் இருந்தவை அப்படித்தான் ஆகும். 70%-க்கு மாற்றி, ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் தொடுங்கள்.

*படத்தை மட்டும் அனுப்பினால் சொல்ல முடியுமா?* மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, பெடிபால்ப் தெரிய ஒன்று, நான்காம் காலின் அடிக்கணு தெரிய ஒன்று, கூடவே இடம். இவை இருந்தால் பல சமயம் குடும்பம் வரை போகலாம். பேரினம் வேண்டுமென்றால் ஆண் மாதிரி வேண்டும், படி 6 செய்ய வேண்டும்.

*என்னிடம் பெண் மட்டும்தான் இருக்கிறது.* குடும்பப் பெயரை எழுதி, கணுக்களின் வீச்சைக் குறித்து, அதே இடத்தில் ஆண் கிடைக்கும் வரை அப்படியே வைத்திருங்கள். பெண்ணையும் ஆணையும் தனித்தனி இனமாக விவரித்த பழைய பெயர்களை இன்னும் பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.