பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்ஜின் மாற்றலாமா? காசைக் கொடுக்கும் முன் செய்யவேண்டிய கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் மாற்றும் எண்ணம் இரண்டு காரணங்களால் வரும். ஒன்று, இருக்கும் இன்ஜின் தேய்ந்துவிட்டது. இன்னொன்று, இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, பிக்கப் போதவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தேய்ந்த இன்ஜினைச் சரிசெய்யப் போய், "எப்படியும் கழற்றுகிறோமே, பெரியதாகவே போட்டுவிடலாம்" என்று பாதியில் திட்டத்தை மாற்றும்போதுதான் பட்ஜெட் கைமீறுகிறது.

அதனால் முதல் வேலை, இருக்கும் இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்ப்பது. புகையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்தால் வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) போயிருக்கும். பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைப் பிடித்துக்கொண்டு, ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றாமலே அதை மாற்றலாம். மிதிக்கும் நேரமெல்லாம் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை, கூலன்ட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு).

கம்ப்ரஷன் டெஸ்ட்டை (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்று பார்ப்பதை) இன்ஜின் சூடாக இருக்கும்போது செய்யுங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் பிளக் ஓட்டையில் கேஜ் மாட்டி ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரில் சுழற்றுங்கள். த்ராட்டில் மூடியிருந்தால் நல்ல இன்ஜினும் குறைவாகத்தான் காட்டும். இந்தத் தவறால் கழற்றப்பட்ட இன்ஜின்கள் உண்டு. நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 150 முதல் 190 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை காட்டும். சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். 10, 15 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ.

லீக்-டவுன் டெஸ்டர் (சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவை அளக்கும் கருவி) கிடைத்தால் இன்னும் தெளிவு. பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, கியரும் ஹேண்ட் பிரேக்கும் போட்டு, 100 பிஎஸ்ஐ காற்று கொடுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின். 20-ஐத் தாண்டினால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும்) கார்களுக்குச் சாதாரண கேஜ் உதவாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் டெஸ்டர் வேண்டும்.

ஆயில் பிரஷரை டேஷ்போர்டு முள்ளை நம்பிச் சொல்லாதீர்கள். பல கார்களில் அந்த முள் பெயரளவுக்குத்தான். மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூடான ஆயிலில் 1,000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ வருகிறதா பாருங்கள். கம்ப்ரஷனும் பிரஷரும் நன்றாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால், டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு. அதற்கு இன்ஜினை மாற்றத் தேவையில்லை.

அடுத்து பாடி. ஜாக் வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், ஸ்ட்ரட் டவர், இன்ஜின் உட்காரும் கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) ஆகியவற்றில் துரு தின்றிருந்தால் இன்ஜின் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, காசை முதலில் வெல்டிங்குக்குக் கொடுங்கள்.

எந்த இன்ஜின்?

உங்கள் இன்ஜினையே வேலை பார்த்துப் போடுவதுதான் எங்கள் முதல் பரிந்துரை. சலிப்பான பதில்தான். ஆனால் வயரிங், மவுண்ட், கியர்பாக்ஸ், பதிவுச் சான்று எதையும் தொட வேண்டியதில்லை. இதில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (அசலைவிடப் பெரிய) பிஸ்டன் கிடைக்கிறதா? பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகுதான் பிளாக்கைப் போரிங்குக்கு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) அனுப்ப வேண்டும். முதலில் போரிங் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைந்தால் நல்ல பிளாக் இரும்புக்கடைக்குத்தான் போகும்.

அடுத்த நல்ல வழி, அதே காரின் வேறு மாடலில் கம்பெனியே பொருத்திய இன்ஜின். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் 1.6 லிட்டர் இருந்த இடத்தில், பின்னாளில் அதே காரில் வந்த 1.8 உட்காரும். ஆரம்பகால 1.6 இன்ஜின்களில் கிராங்க்கின் (இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டின்) முன்மூக்கு குட்டை. அங்கே சாவிப் பள்ளம் தேய்ந்து புல்லி ஆடும் பிரச்சினை பெயர்போனது. அப்படிப்பட்ட காருக்கு 1.8 நியாயமான மருந்து. ஆனால் 1.8-க்குப் பெரிய கிளட்ச்சும் ஃப்ளைவீலும் வேண்டும், 1.6-இன் சின்ன டிஃப்ரன்ஷியலும் அதிக டார்க்கைத் தாங்காது. மூன்றாம் தலைமுறை டொயோட்டா சூப்ராவின் 7எம்-ஜிடிஇ இன்ஜின் ஹெட் கேஸ்கெட்டைத் தின்பதில் பேர் வாங்கியது. ஜப்பானில் 1990 முதல் அதே பாடியில் கம்பெனியே 1ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினைப் போட்டு விற்றது. பிராக்கெட் முதல் சம்ப் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) வரை அசல் பாகங்களாகவே கிடைக்கும் என்பதால் அந்த மாற்றம் ஓரளவு பாதுகாப்பானது.

மூன்றாவது வழி, சம்பந்தமில்லாத இன்ஜின். இங்கேதான் பல கார்கள் ஸ்டாண்டில் ஏறி இறங்காமலே போகின்றன. இன்ஜின் உள்ளே "நுழைந்தால்" போதாது. ஆயில் சம்ப்பின் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அது கிராஸ்மெம்பரை இடிக்குமா என்று தெரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டியரிங் ஷாஃப்ட்டைத் தொடக்கூடாது. பானட் மூடவேண்டும். ப்ராபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் இரு முனையிலும் ஒத்துப்போகாவிட்டால் வேகத்தில் அதிரும். கார்புரேட்டருக்கு 3 முதல் 6 பிஎஸ்ஐ பெட்ரோல் போதும். போர்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் சுமார் 43 பிஎஸ்ஐ கேட்கும். அதாவது புதிய பம்ப், உயர் அழுத்த ஹோஸ், பெரும்பாலும் டேங்குக்குத் திரும்பும் லைன், வளைவில் பம்ப் வறளாமல் இருக்க டேங்கில் தடுப்பு.

கியர் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். டயர் சுற்றளவு 1.8 மீ., ஃபைனல் டிரைவ் (டிஃப்ரன்ஷியலின் பல் விகிதம்) 4.3, ஐந்தாம் கியர் 0.81 என்றால் 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் சுமார் 3,225 ஆர்பிஎம்மில் ஓடும். உயரச் சுழலும் சின்ன இன்ஜினுக்கு அது பொருத்தம். அதே டிஃப்ரன்ஷியலில், முதல் கியர் 3.14 உள்ள பெட்டியோடு 6,000 ஆர்பிஎம்மில் முடிந்துவிடும் பெரிய வி8-ஐப் போட்டால், முதல் கியர் மணிக்கு 48 கி.மீ.யிலேயே தீர்ந்துவிடும். ஆக, டிஃப்ரன்ஷியலும் பட்டியலில் சேரும். பிரேக், ரேடியேட்டர், முன் ஸ்பிரிங் எல்லாம் பின்னாலேயே வரும்.

வயரிங்தான் மாதக்கணக்கில் இழுக்கும். இன்ஜின் எடுக்கும் பழைய வண்டியிலிருந்து இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். வெட்டாத வயரிங் ஹார்னஸ், ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி), இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டி, அதற்கான சாவி, எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் ஆக்ஸிலரேட்டர் பெடல், எல்லா சென்சாரும் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். சாவி இல்லாத ஈசியூ பல வண்டிகளில் இன்ஜினை ஸ்டார்ட்டே ஆகவிடாது. ஸ்டாண்ட்அலோன் (தனியாக வாங்கிப் பொருத்தும்) ஈசியூ போட்டால் அந்தத் தொல்லை போகும். ஆனால் ட்யூனிங் செலவு கூடும், சில இடங்களில் எமிஷன் சோதனையில் கார் நிராகரிக்கப்படும். டாக்கோமீட்டரையும் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) மறக்க வேண்டாம்: நான்கு சிலிண்டருக்கான மீட்டரில் ஆறு சிலிண்டர் இன்ஜினை இணைத்தால் ஒன்றரை மடங்கு காட்டும்.

இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேளுங்கள். இன்ஜின் எண் மாற்றத்தைப் பதிய என்ன ஆவணம் வேண்டும், எமிஷனை எந்த ஆண்டு அளவுகோலில் பார்ப்பார்கள், காரைவிடப் பழைய இன்ஜினை ஏற்பார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும். விற்பவரிடம் வாங்கிய ரசீதில் இன்ஜின் எண் இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜினைப் பார்க்கும்போது

கிராங்க் போல்ட்டில் நீள ராடு போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றுங்கள், எங்கும் பிடிக்கக்கூடாது. கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் பாருங்கள். பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ. ஆட்டம் சரி, அதைத் தாண்டினால் த்ரஸ்ட் பேரிங் போயிருக்கும். ஆயில் மூடியின் உட்புறத்தில் கருங்களி இருந்தால் ஆயில் காலத்தில் மாற்றப்படவில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெயிலில் மின்னும் செம்பு நிறத் துகள்கள் இருந்தால் பேரிங்கின் மேல்பூச்சு கரைந்து உள்ளடுக்கு தெரியத் தொடங்கிவிட்டது. அந்த இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

வாங்கிய இன்ஜினை அப்படியே தூக்கி மாட்டாதீர்கள். ரியர் மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனையில் ஆயிலைத் தடுப்பது), டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிளட்ச், ரிலீஸ் பேரிங், ரப்பர் மவுண்ட், எல்லா ஹோஸும் இன்ஜின் வெளியே இருக்கும்போதே புதிதாகப் போகவேண்டும். பிறகு ரியர் மெயின் சீல் ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்கவேண்டி வரும்.

இப்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள்: இன்ஜின், மேலே சொன்ன சில்லறைகள், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், ஃப்யூயல், டிஃப்ரன்ஷியல், பிரேக், வயரிங், கூலி, பதிவு. அந்தத் தொகையும் உங்கள் காரை விற்றால் வரும் பணமும் சேர்ந்து, அதே காரின் வேகமான அசல் மாடலுக்குப் போதுமானால், அதை வாங்குங்கள். அப்படி ஒரு மாடலே வந்ததில்லை, பாடி கெட்டி, தினமும் ஓட்ட வேறு வண்டி இருக்கிறது, அதே காரில் அதே இன்ஜினை வேறு பலர் போட்டு மவுண்ட் கிட் வரை கடையில் கிடைக்கிறது என்றால் தைரியமாக இறங்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பழைய இன்ஜினையே போரிங்குக்கு அனுப்புங்கள்.