தர்மபுரியிலிருந்து கடலோரம்: தரங்கம்பாடி முதல் பூம்புகார் வரை நடப்பது எப்படி?

ஒகேனக்கல்லில் பாறை பாறையாக விழும் காவிரியைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே ஆறு கடலில் சேரும் பூம்புகாருக்குக் கரையோரமாக, மீனவ ஊர்களைத் தொட்டுக்கொண்டு நடந்தே போக வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. போன தை மாதம் போய்வந்தேன். கடற்கரையில் நடந்து பழக்கமில்லாத நம்ம பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் பாருங்கள்

தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலுமாக இருக்கும், வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலை மணலில் தாங்க முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட மேலேறும் என்பதால் அந்த நாட்களையும் விட்டுவிடுங்கள்.

போய்ச் சேர்வது

சேலம் வரை பஸ். அங்கிருந்து கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு ரயில். அப்புறம் தரங்கம்பாடிக்கு பஸ். அன்று இரவு அங்கேயே தங்குங்கள்.

பொழுது சாய்வதற்குள் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்துவிடலாம். பக்கத்திலேயே, 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதை அவசியம் பாருங்கள். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரை நின்ற இடத்தில் நிற்காது என்பது அங்கே கண்ணெதிரே தெரியும்.

நடை

நேர்கோட்டில் அளந்தால் 12, 13 கிலோமீட்டர்தான். தார் ரோட்டில் மூன்று மணி நேரம். மணலில் அந்தக் கணக்குச் செல்லாது, ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். நான் ஏழரைக்குக் கிளம்பியது தப்பு. பத்தரைக்கெல்லாம் மணல் சுட ஆரம்பித்துவிட்டது. விடியும்போதே கிளம்புங்கள். முதல் தடவை என்றால் வழியில் உள்ள சின்னங்குடியோடு நிறுத்திக்கொண்டாலும் நல்ல நடைதான்.

எங்கே கால் வைப்பது என்பதுதான் முக்கியம். அலை வந்து திரும்பியதும் ஒரு பட்டை மணல் கருத்துப் பளபளக்கும். அதில் நடந்தால் குதிகால் லேசாகத்தான் பதியும். நாலடி மேலே போய்விட்டால் கணுக்கால் வரை புதையும். ஆனால் அந்த ஈரமணல் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். வடக்கே நடக்கும்போது கடல் வலப்பக்கம், அதனால் வலது கால் தாழ்ந்தே இருக்கும். ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அரைமணிக்கு ஒருதரம் மேட்டில் ஏறிச் சமதரையில் கொஞ்சம் நடங்கள். வெயிலும் வலப்பக்கமே அடிக்கும், துண்டை அந்தப் பக்கம் இறக்கிக் கட்டுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, பட்டை வைத்த செருப்பு போதும்.

முகத்துவாரம்

வழியில் வாய்க்காலோ ஆறோ கடலில் விழும் இடம் வந்தால் நில்லுங்கள். பரிசலில் ஆற்றைக் கடந்து வளர்ந்த நமக்கு முழங்கால் தண்ணீர் பெரிதாகத் தெரியாது. ஆனால் அங்கே அடிமணல் நகர்ந்துகொண்டே இருக்கும், இழுப்பும் இருக்கும். கரையில் இருப்பவர்களைக் கேளுங்கள். "அண்ணே, இப்படியே வானகிரி போயிடலாமா?" என்று கேட்டேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மொகத்துவாரம் தொறந்து கெடக்கு தம்பி, ரோட்டப் புடிச்சுப் போங்க" என்றார். ரோட்டைப் பிடித்தேன். சுற்றுதான், ஆனாலும் அதுதான் வழி.

ஊருக்குள்

மீனவர்களுக்குக் கரைதான் களம். நமக்கு நெல் காயும் களம் எப்படியோ, அவர்களுக்கு வலையும் கருவாடும் காயும் மணல் அப்படி. விரித்த வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். படகைக் கரையேற்றும்போது குறுக்கே நிற்காதீர்கள். கூப்பிட்டால் போய் ஒரு கை கொடுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரை முழுக்க உயிர்களைக் கொண்டுபோனது. அதைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

திரும்புவது

பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் பஸ் உண்டு. ஏறுவதற்கு முன் கால் கழுவ ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் மிச்சம் வைத்திருங்கள். உப்பு மணலோடு செருப்பு மாட்டினால் சேலம் வருவதற்குள் தோல் உரிந்துவிடும்.