கருவேல முள் பஞ்சரா? ஒட்டுவதற்கு முன் டயரைத் தடவிப் பாருங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், தார் ரோட்டை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கினால் சீமைக் கருவேல முள் எங்கே கிடக்கும் என்று சொல்லவே முடியாது. பஞ்சர் ஒட்டிக் காற்றடித்து நிறுத்தினால், மறுநாள் காலையில் டயர் மறுபடி தரையோடு படுத்திருக்கும். ஒட்டு சரியில்லை என்று நினைப்போம். பல நேரம் முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்பதுதான் காரணம்.

டியூபைக் கழற்றும் முன்பே வால்வுக்கு நேராக டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள். தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்ததும், டியூபை டயர் மேல் அதே வாக்கில் வைத்துப் பார்த்தால் ஓட்டைக்கு நேராகத்தான் முள் இருக்கும். டியூபைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், கோட்டுக்கு மறுபக்கமும் அதே தூரத்தில் தேடுங்கள். வெறும் விரலால் தடவவே வேண்டாம், குத்திவிடும். பழைய பனியன் துணியைச் சுருட்டி உள்பக்கம் தேய்த்தால், நூல் மாட்டுகிற இடத்தில் முள் கறுப்பாகத் தலைநீட்டும். சின்னக் குறடால் பிடித்து இழுத்துவிடலாம். அப்புறம் முழுச் சுற்றும் இன்னொரு முறை தேய்த்துப் பாருங்கள், நம் பக்கத்துப் பாதையில் ஒரே முள்ளோடு நிற்பது அபூர்வம்.